ஐஸ் கொம்பனிப் பென்குயினும் ஏழு கற்களும்

பென்குயினை ஒரு தடவைகூட நேரில் பார்க்காமல் பென்குயினுக்காக அதிகம் வாய்ச்சண்டை பிடித்தவர் யார் என்று உலகத்தில் ஒரு போட்டி வைத்தால், திருகோணமலை ஐஸ் கொம்பனியில் மெஷின் ஓட்டிய எங்கள் பென்குயின் அண்ணைக்குத்தான் முதற் பரிசு. இரண்டாம் பரிசுக்கு ஆள் தேட வேண்டியிருக்கும்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. கொம்பனிப் பதிவில் நானே அதை எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் மீன்பிடித் துறையில் ஒருவருக்கும் ஆள் விளங்காது. பென்குயின் எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கையைக் காட்டும். ஐஸ் வாங்க வருகிறவர்களுக்கு ரசீதுத் துண்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. என் கதிரைக்கும் அவருடைய மெஷினுக்கும் நடுவில் ஒரு தகரக் கதவு. அதன் வழியாகக் குளிர் வந்ததைவிடப் பென்குயின் கதை வந்ததுதான் அதிகம்.

ஆள் கட்டை. வயிறு கொஞ்சம் முன்னுக்கு. குளிர் அறைக்குள் போடுவதற்கென்று கொம்பனி கொடுத்த தடித்த கறுப்பு ஜாக்கெட்டை வெளியில் வெயில் கொளுத்தினாலும் கழற்ற மாட்டார். கீழே இடுப்பில் கட்டிய வெள்ளைச் சாரம். ஈரச் சீமெந்துத் தரையில் வழுக்கி விழாமல் இருப்பதற்காக இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடந்து பழகியவர். பட்டப்பெயர் வைத்தவன் அதிகம் மினக்கெட்டிருக்க மாட்டான். பெயர் வந்த பிறகு, "நான் என்னத்தைப் போல இருக்கிறன் எண்டு பாப்பம்" என்று கோபத்தோடு தொலைபேசியில் பென்குயின் வீடியோ ஒன்றைப் போட்டுப் பார்த்தாராம். பார்த்து முடியக் கோபம் வரவில்லை. விடியும் மட்டும் பார்த்திருக்கிறார்.

அன்றோடு பிடித்தது எங்களுக்குச் சனி. ஐஸுக்குப் பத்து நிமிடம் காத்திருக்க முடியாமல் யாராவது முணுமுணுத்தால், மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வருவார்.

"எம்பரர் பென்குயின் தெரியுமே? தாய் முட்டையைப் போட்டிட்டு இரை தேடிக் கடலுக்குப் போயிடும். தகப்பன் அந்த முட்டையைக் காலுக்கு மேல வச்சு, வயித்துத் தோலால மூடிக்கொண்டு, ரெண்டு மாசம் பனிக்குள்ள நிக்கும். சாப்பாடு இல்லை, தண்ணி இல்லை. உமக்குப் பத்து நிமிசம் நிக்க ஏலாதோ?"

அவர் சொல்லி முடிக்கும்போது பத்து நிமிடம் இருபதாகியிருக்கும்.

கிண்ணியாவிலிருந்து மீன் எடுக்க வரும், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் அவரைக் கிண்டுவதற்கென்றே கேட்பார். "பறக்க ஏலாத பறவையில என்ன பெருமை பென்குயின்?"

"பறக்க ஏலாதெண்டு அது எங்கையாவது குந்தியிருந்து அழுததே நானா? செட்டையைத் துடுப்பாக்கிப் போட்டுது. தண்ணிக்குள்ள இறங்கினா உங்கட போட் எல்லாம் பின்னுக்குத்தான்."

"அப்ப ஏன் சனம் அதைப் பாத்துச் சிரிக்குது?"

"மனுசர் மாதிரி நிமிர்ந்து நடக்குது. மனுசரை விட மோசமா விழுகுது. விழுந்தா அப்பிடியே வயித்தால வழுக்கிக்கொண்டு போகுது. நாங்கள் விழுந்தா முதல்ல ஆரும் பாத்தவையோ எண்டெல்லோ சுத்திப் பாக்கிறம். அந்த வெக்கம் அதுக்கு இல்லை. அதுதான் சனத்துக்கு விருப்பம்."

வெள்ளைக் கரடி பென்குயினைப் பிடித்துத் தின்னாதா என்று ஒரு நாள் நான் தெரியாமல் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தகரக் கதவைத் திறந்து, "கரடி வடக்குத் துருவம். பென்குயின் தெற்கு. ரெண்டும் சந்திக்கிறதெண்டா கரடி விசா எடுக்கவேணும்" என்று சொல்லிவிட்டு மூடினார்.

உண்மையைச் சொல்வதானால் ஒருவரும் அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. பெட்டி நிறையும் வரைக்கும் சிரிப்பார்கள், நிறைந்ததும் போய்விடுவார்கள். நானும் துண்டை எழுதிக்கொண்டே "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று தலையாட்டுவேன். எதற்கு ஓம் சொன்னேன் என்று கேட்டால் தெரியாது.

ஒரு தடவை மட்டும் அவர் சொன்னது எடுபட்டது. நாட்டில் தட்டுப்பாடு வந்து, படகு ஓட்ட மண்ணெண்ணெய்க்கு நாள் கணக்கில் வரிசை நின்ற காலம் அது. படகு வைத்திருந்த எல்லோரும் வெறும் எண்ணெய்க் கான்களைக் கயிற்றால் கோர்த்து வரிசையில் வைத்துவிட்டு வெயிலில் காய்ந்தார்கள். அங்கே நின்றது ஒரேயொரு வேப்பமரம். முதல் வந்தவர்கள் அதன் நிழலைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. வயதான ஒருவருக்குத் தலைசுற்று வந்தது. பென்குயின் அண்ணை ஒரு வெறும் பீப்பாவின் மேல் ஏறினார்.

"பென்குயின் குளிருக்குக் கூட்டமா நெருக்கிக்கொண்டு நிக்கும். வெளி விளிம்பில நிக்கிறது மெல்ல மெல்ல உள்ளுக்கு வரும். உள்ளுக்குச் சூடு காய்ஞ்சது வெளியில போகும். அதால ஒண்டும் விறைச்சுச் சாகிறேல்லை. எங்களுக்குக் குளிர் இல்லை, வெயில். கணக்கு ஒண்டுதான். கான் வரிசையில நிக்கட்டும், நாங்கள் சுத்துவம்."

வழக்கம் போலச் சிரித்தார்கள். அப்போது நிழலில் இருந்த ஒரு பெண் எழும்பினார். திருக்கடலூர் தவம் அக்கா. தகப்பன் இல்லாத வீட்டில் தான் கலியாணம் கட்டாமல் தம்பியை வளர்த்துப் படகுக்காரன் ஆக்கியவர், ஐஸ் எடுக்கவும் எண்ணெய்க்கு நிற்கவும் அவர்தான் வருவார். தலைசுற்றியவரைத் தன் இடத்தில் இருத்திவிட்டு வெயிலுக்குப் போய் நின்றார். பிறகு இன்னொருவர் எழும்பினார், பிறகு நாலு பேர். மத்தியானம் ஆகும்போது வரிசை முழுவதும் வேப்பமரத்தைச் சுற்றி மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஆர்ப்பாட்டம் நடக்கிறது என்று யாரோ சொல்லி ஒரு பொலிஸ்காரர் வந்தார். "போராட்டம் இல்லை ஐயா, பென்குயின்" என்று விளக்கம் கொடுத்தோம். அவரும் வெயிலில் கொஞ்ச நேரம் நின்று, தன் முறை வந்ததும் நிழலுக்குள் வந்தார்.

 மூன்றாம் நாள் தகரக் கதவு திறந்தது.

"தம்பி, நான் சொன்ன உடன அந்தப் பிள்ளை எழும்பினவ."

"எந்தப் பிள்ளை அண்ணை?"

"நிழலை விட்டிட்டு எழும்பினவ."

நாற்பத்து நாலு வயதிலும் அண்ணை தனிக்கட்டை. தங்கைமார் இரண்டு பேரைக் கரை சேர்த்தவருக்குப் பெண் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. போய்க் கதையுங்கள் என்றேன். அங்கேதான் வந்தது வினை. துறைமுகம் முழுவதற்கும் வகுப்பு எடுக்கிற மனிதருக்குத் தவம் அக்காவின் முன்னால் எத்தனை ஐஸ் கட்டி என்று கேட்கவும் வாய் வராது. தவம் அக்கா வந்தால் பென்குயின் கதையை எனக்குச் சொல்வார், ஆனால் வாசல் கேட்டுக்கு வெளியே நிற்பவருக்கும் கேட்கும் அளவு சத்தத்தில். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போனது.

கடைசியில் ஒரு நாள் சாரத்து மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் மேசையில் வைத்தார். கோணேசர் மலைக்குக் கீழே கடல் உருட்டி உருட்டி மழுமழுப்பாக்கிய கல்.

"பென்குயின் கதைச்சே பொம்பிளை எடுக்குது? கல்லு வைக்குது. நல்ல கல்லாத் தேடி எடுத்து அதின்ர காலடியில வைக்கும். அது எடுத்துக் கூட்டில சேத்தா விருப்பம். தட்டிவிட்டா விருப்பமில்லை. ஏழு நாள் வைப்பன். எட்டாம் நாள் போய் வாயால கேப்பன்."

நான் படித்தவன், புத்தி சொல்லித் தடுத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஏழு நாளும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவரை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு திருக்கடலூருக்குப் போக ஒப்புக்கொண்டேன். தவம் அக்கா வீட்டு வாசல் படலைக்குப் பக்கத்து மதிலில் கல்லை வைப்பார். வேலிக்கு அப்பால் நின்று பார்ப்போம். தவம் அக்கா வெளியே வந்து கல்லைப் பார்ப்பார், எடுத்துக்கொண்டு உள்ளே போவார். பென்குயின் அண்ணைக்குத் தரையில் கால் பாவாது.

நாலாம் நாள் தேத்தண்ணிக் கடையில் செய்தி வந்தது. தவம் அக்கா வீட்டுக்கு யாரோ செய்வினை செய்துவிட்டார்களாம். விடியுமுன் மதிலில் கல்லு வருகிறதாம். தாய்க்கு முழங்கால் வலி கூடிவிட்டதாம், தம்பி குகனின் படகு இஞ்சின் ஸ்டார்ட் வரவில்லையாம். பார்வை பார்க்கிற சாமி ஒருவரைக் கூட்டி வந்திருக்கிறார்கள். அவர் கல்லை மூக்கருகில் வைத்து மணந்து பார்த்துவிட்டு, இது சுடலைக் கல், ஏழு கல் வரும், வைக்கிறவன் கறுப்பு உடுப்போடு வருவான் என்று சொன்னாராம். தேசிக்காய் வெட்டி, கற்களை மஞ்சள் பூசிய ஒரு சட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நான் ஓடிப்போய் அண்ணையிடம் சொன்னேன். "விடுங்கோ அண்ணை. குகன் கையைக் காலை முறிச்சுப்போடுவான்."

"தவம் கல்லை எறிஞ்சவவே?"

"இல்லை. சட்டிக்குள்ள போட்டு வச்சிருக்கினமாம்."

"அப்ப சேத்துத்தானே வச்சிருக்கிறா."

"அது மந்திரிச்ச சட்டி அண்ணை."

"கூடு எப்பிடி இருந்தா என்ன தம்பி, கல்லு உள்ளுக்கை போயிட்டுது."

ஆனாலும் அவருக்குப் பயம் இல்லாமல் இல்லை. அடுத்த நாள் போகும்போது மோட்டார் சைக்கிளை இரண்டு தடவை நிறுத்தச் சொல்லி, இரண்டு தடவையும் போகச் சொன்னார். "அவவுக்கு ஏலாதெண்டா ஏலாதெண்டு எனக்குத் தெரியவேணும்" என்றார் பின்னாலிருந்து. "தெரியாம நாலு கல்லோட நிண்டிட்டனெண்டா சாகும் மட்டும் அதையே யோசிச்சுக்கொண்டிருப்பன்." நான் வேகத்தைக் கூட்டினேன்.

ஏழாம் நாள். ஜாக்கெட்டையாவது கழற்றுங்கள் என்று கெஞ்சினேன், கேட்கவில்லை. கல்லை மதிலில் வைக்கக் கை நீட்டினார். கவிழ்த்து வைத்திருந்த படகுக்குப் பின்னாலிருந்து குகனும் இரண்டு கூட்டாளிகளும் பாய்ந்து அவருடைய கழுத்துப்பட்டியைப் பிடித்தார்கள்.

"சாமி சொன்ன மாதிரியே கறுப்பு உடுப்பு. ஆரடா உன்னை ஏவிவிட்டது?"

நான் ஓடவில்லை என்று பெருமையாக எழுதலாம். மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் வரவில்லை என்பதுதான் உண்மை. அக்கம்பக்கம் கூடிவிட்டது. பென்குயின் அண்ணை வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். கல்லை மட்டும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். குகன் கையை ஓங்கினான்.

"விடு தம்பி" என்று படலையடியில் ஒரு குரல் கேட்டது. தவம் அக்கா. "அது செய்வினை இல்லை. பென்குயின் கல்லு."

"என்ன கல்லு?"

"ஆண் பென்குயின் தனக்கு விருப்பமான பெட்டைக்கு நல்ல கல்லாத் தேடிக் கொண்டுவந்து வைக்கும். பெட்டை எடுத்துக் கூட்டில சேத்தா விருப்பம். தட்டிவிட்டா இல்லை. சில பென்குயின் பக்கத்துக் கூட்டில களவெடுத்தும் கொண்டுவந்து வைக்கும்."

குகனின் கை அந்தரத்தில் நின்றது. "உனக்கு உது ஆர் சொன்னது?"

"இவர்தான். போன வருசம் ஐஸ் மெஷின் பழுதாகி ரெண்டு மணித்தியாலம் கேட்டடியில நிண்டனான். இவர் அந்தத் துண்டு எழுதுற தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்தத் தம்பி எழுதிக்கொண்டிருந்தார், கேக்கேல்லை. நான் கேட்டனான்."

கூட்டம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைத் துடைத்தேன்.

உள்ளேயிருந்து தாய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். "தெரிஞ்சுகொண்டே ஏழு நாளும் பேசாம இருந்தனீ? தேசிக்காய் வெட்டினமே பிள்ளை."

"எத்தினை கல்லு வரைக்கும் வருவார் எண்டு பாத்தனான் அம்மா" என்றார் தவம் அக்கா. பிறகு பென்குயின் அண்ணையின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "அதைத் தாங்கோ."

அண்ணை ஏழாவது கல்லை அந்தக் கையில் வைத்தார். குகன் கழுத்துப்பட்டியை விட்டான், மடிந்திருந்ததை நீவியும் விட்டான். அண்ணையின் கண்ணால் தண்ணீர் ஓடியது. இத்தனை பேருக்கு முன்னால் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"பென்குயின் கடல் தண்ணியையே குடிக்கும். அந்த உப்பை மூக்கால வெளியில விட்டிடும். எங்களுக்குத்தான் கண்ணால வருது."

யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். தவம் அக்கா சிரிக்கவில்லை. மதிலில் சாய்ந்து வசதியாக நின்றுகொண்டு, "பிறகு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த பதினைந்து வருடத்தில் அந்த மனிதரிடம் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனியே திரும்பி வந்தேன். அன்றைக்கு அண்ணை வந்து, ஐஸ் மெஷின் ஒன்பது மணிக்குத்தான் ஓடத் தொடங்கியது. அதுவரைக்கும் வரிசையில் நின்றவர்கள் என்னைத் திட்டோ திட்டென்று திட்டினார்கள். கிண்ணியா நானா என் பரம்பரை முழுவதையும் விசாரித்தார். எல்லாவற்றையும் தலை குனிந்து வாங்கிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் திட்டு வாங்கியதில்லை.