மூன்றாம் நம்பரைச் சுற்றி ஒரு வட்டம்

கோச்சடை,
17-1-1937, ஞாயிறு மாலை.

பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் மதிப்புக்குரிய மாப்பிள்ளை பேயாண்டிக்கு, மச்சான் நல்லகாமன் எழுதிக்கொண்டது. இங்கு நானும், உன் அக்காள் பாண்டியம்மாளும், கறவை மாடும், என் மூட்டுவலியும் சவுக்கியம். உன் சவுக்கியத்தை நான் இப்போது விசாரிக்கவில்லை. இதைப் படித்து முடித்தபின் எப்படியிருக்கிறாய் என்று நீயே எழுது.

பெண் வீட்டாருக்குக் காட்ட உன் போட்டோவை அனுப்பச் சொன்னேன். அனுப்பினாய். போட்டோ மடங்காமலிருக்கக் கூடவே ஓர் அட்டையும் வைத்தாயே, அது என்ன அட்டை என்று பார்த்து வைத்திருக்கக் கூடாதா? கிண்டியில் சனிக்கிழமை நடக்கும் பந்தயத்தின் ரேஸ் கார்டு! போதாக்குறைக்கு, ஒவ்வொரு குதிரையும் கடைசி மூன்று ஓட்டத்தில் எத்தனையாவதாக வந்தது என்று பக்கத்திலேயே உன் பென்சில் கணக்கு. புதன்கிழமை வந்தது இரண்டு நாள் என் மேஜைமேல் கிடந்தது. வெள்ளிக்கிழமை காலை கீழக்குயில்குடியிலிருந்து பெண்ணின் தாயார் மாயக்காள் மதினி வில்வண்டியில் வந்து இறங்கினார். புருஷன் போனபிறகு பதினைந்து வருஷமாக உழவு மாடு வாங்கி விற்கிற மனுஷி. அவர் எதிரே வந்து நின்றாலே மாட்டுக்காரன் மாட்டின் நிஜ வயதைச் சொல்லிவிடுவான் என்று சந்தையில் பேச்சு. உன் அக்காள் பெருமையாகப் போட்டோவை நீட்ட, அதோடு கார்டும் போய்விட்டது. மதினி போட்டோவை ஒரு நிமிஷம் பார்த்தார். கார்டை அரைமணி நேரம் பார்த்தார்.

"இது என்ன தம்பி?"

மெட்ரிகுலேஷனை மூன்றே தடவையில் பாஸ் செய்த மூளையல்லவா, உடனே வேலை செய்தது. "கவர்மெண்டுக் குதிரைக் கணக்கு மதினி. மாப்ளதான் எழுதுறாரு" என்றேன்.

"கவர்மெண்டுக் குதிரை எதுக்கு முந்துது பிந்துதுன்னு ஒண்ணு ரெண்டு போடணும்? ரேஸுன்னு சொல்லுங்க. சும்மா வாசிங்க, கேப்போம்."

உன் அக்காள் அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டாள். பந்தயத்துக்குப் போகிற பையன் என்று பேர் வந்தால், முப்பத்தொரு வயதுத் தம்பிக்கு இனிமேல் யார் பெண் கொடுப்பது? நான் நாலாவது பந்தயத்தை வாசித்தேன். குதிரையின் பெயர், வயது, ஏறுகிற ஜாக்கியின் பெயர், சுமக்க வேண்டிய எடை. ஜெயித்த குதிரைக்கு அடுத்த தடவை ஈயத்தை வைத்து எடையை ஏற்றுவார்கள், தோற்றதற்குக் குறைப்பார்கள் என்றேன். மதினி முகம் மலர்ந்துவிட்டது. "எவன் யோசிச்சானோ, நியாயஸ்தன்" என்றார்.

மாப்ள, அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாத அந்த அம்மாள், விரலை வைத்துக் கார்டு முழுக்கத் தடவிக்கொண்டே போய் எட்டாம் நம்பரில் நிறுத்தினார். "ஏழு, அஞ்சு, நாலு. ஒவ்வொரு வாட்டியும் முன்னாடி வருது பாருங்க. எடையும் இதுக்குத்தான் கம்மி. இந்தா, ஏறுற ஆளு பேரு இருக்குல்ல, இதே எழுத்து மொத ரேஸுல இருக்கு, ரெண்டுல இருக்கு, மூணுலயும் இருக்கு. அம்புட்டுப் பேரும் கூப்பிடுற ஆளு இந்த நோஞ்சான்மேல ஏன் தம்பி வந்து உக்காரணும்? அவனுக்கு என்னமோ தெரியும்." நான் அந்தக் கார்டை இரண்டு நாள் வைத்துக்கொண்டிருந்தவன். குதிரைகளின் பெயரைத் தவிர வேறொன்றும் என் கண்ணில் படவில்லை.

அப்புறந்தான் வினை. மூன்றாம் நம்பர் ராயல் சுல்தானைச் சுற்றிப் பென்சிலால் பெரிதாக ஒரு வட்டம் இருந்தது. "இது மாப்ள போட்டதா?" என்றார். நான் தொண்டையைக் கனைத்தேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

"ரேஸு பாக்கப் போறது தப்பில்ல பாண்டியம்மா. பாக்கத் தெரியாமப் போறதுதான் தப்பு. பாவம், இது தலைமேல இம்புட்டு ஈயத்தை ஏத்தியிருக்கான், இதைப் போயி வட்டம் போட்டிருக்காரே! பேப்பர் வரட்டும். மூணு ஜெயிச்சா அவருக்குக் கண்ணு இருக்கு, பரிசம் போடுவோம். எட்டு ஜெயிச்சா எம் மக செல்லக்கிளியை வேற எடத்துல குடுத்துக்கிறேன்."

இரண்டு நாளாக உன் அக்காள் வீட்டில் அடுப்பு மட்டுந்தான் பேசியது. இன்று மதியம் ஆரப்பாளையத்தில் ரயிலில் பேப்பர் வரும் கடை வாசலில் மதினியின் வண்டி எனக்கு முன்பே நின்றது. வாங்கிப் பிரித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். எட்டு முதலாவது. நம்முடைய சுல்தான் ஆறாவது. அப்படியே வாசித்துச் சொன்னேன்.

மதினி அன்று கையோடு கொண்டுபோன கார்டை மடியிலிருந்து எடுத்தார். "மாப்ள குதிரைங்க தோத்ததையெல்லாம் ஒண்ணு விடாம எழுதியிருக்காரு. மறைக்கல. எழுதத் தெரியுது, எழுதினதைப் பாக்கத்தான் தெரியல." கார்டை மறுபடியும் மடியில் செருகிக்கொண்டார். "குதிரை மோசமில்ல தம்பி. ஏறுற ஆளுதான் இல்ல. எம் மக ஏறி உக்காந்தா ஓடிருவாரு. தைக்குள்ள பரிசம் போட்டுருவோம்." வண்டி போய் வெகுநேரம் நான் அந்தத் தெருவிலேயே கும்பிட்டுக்கொண்டு நின்றேன். பேப்பர்க்காரன் தனக்கென்று நினைத்துக்கொண்டு பதில் கும்பிடு போட்டான்.

ஆகையால் லீவு சொல்லிவிட்டு உடனே புறப்பட்டு வா. இனிக் கிண்டிப் பக்கமே தலைவைக்க மாட்டாய் என்று உன் சார்பில் நான் சத்தியம் செய்திருக்கிறேன். மதினி கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். மச்சானின் வாழ்த்தும், உன் அக்காள் அழுது முடித்து இப்போதுதான் எழுந்து சொன்ன ஆசியும் உன்னைச் சேரட்டும்.

இப்படிக்கு,
நல்லகாமன்.

பின்குறிப்பு: வட்டம் போட்டது நீ இல்லை என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். சுல்தான் என்கிற பெயர் கம்பீரமாக இருந்ததால் வியாழக்கிழமை நான்தான் போட்டேன். எட்டாம் நம்பருக்கு நேரே ஏதோ ஒரு பொட்டு இருந்தது, ஈ எச்சம் என்று ரப்பரால் நன்றாக அழித்தேன். அது உன் பென்சில்தானோ என்று இப்போது சந்தேகம். எதுவானாலும் மதினியிடம் மூச்சுவிடாதே. உனக்குக் கண்ணிருக்கிறது என்று தெரிந்தால், ஏற ஆள் வேண்டாமே என்று பெண்ணைக் கொடுக்காமல் விட்டாலும் விடுவார். வரும்போது அடுத்த சனிக்கிழமைக் கார்டு இரண்டு வாங்கி வா, மதினிக்கு ஒன்று.