சுடுதண்ணி பார்க்காத கடல்

பதுளையிலிருந்து பசறை போகும் பாதையில் சுடுதண்ணியிடம் திட்டு வாங்காத எதுவும் கிடையாது. மனிதர், மாடு, மைல் கல், மூடுபனி எல்லாமே வாங்கியிருக்கின்றன. ஒரு முறை மழையை அவர் திட்டிய திட்டில் அது பாதியில் நின்றுவிட்டது என்று எங்கள் தோட்டத்தில் சத்தியம் செய்வார்கள். அன்று நானும் பக்கத்தில்தான் இருந்தேன். மழை நின்றது உண்மை.

அவர் எங்கள் தோட்டத்து லொறி டிரைவர். நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த சின்னக் கிளாக்கர். ஐம்பதுகளின் நடுப்பகுதி. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பதுளை ஸ்டேஷனுக்குப் போவதும், அங்கிருந்து அரிசி மூட்டைகளோடு திரும்பி வருவதும் அவர் வேலை. ஏற்றத்தில் லொறியின் ரேடியேட்டர் கொதித்து, மூடியைப் பிய்த்துக்கொண்டு ஆவி கிளம்பும். அதே நேரத்தில் டிரைவர் வாயிலிருந்தும் கிளம்பும். "சுடுதண்ணி வருது, ஒதுங்குங்கடி!" என்று கொழுந்து எடுக்கும் பெண்கள் கத்துவார்கள். அந்தப் பெயர் முதலில் லொறிக்கு வைத்ததா டிரைவருக்கு வைத்ததா என்பது யாருக்கும் நினைவில்லை. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

பசறைப் பாதையில் ஒரு கொண்டை வளைவு இருந்தது. லொறி அங்கே கட்டாயம் நின்றுவிடும். அவர் இறங்கி, லொறியை ஒன்றும் சொல்லாமல், வளைவைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

"ஒன்ன வெட்டுனவன் எவன்டா? நேரா வெட்டத் தெரியாதா அவனுக்கு?"

ஒரு நாள் வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து பாதை போடும் ஓவர்சியர் ஒருவர் தொப்பியும் தானுமாக வந்து, கேள்வி தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார். "நான் வேலைக்கு வர்றதுக்கு முந்தியே வெட்டிட்டாங்கப்பா" என்றார் பாவம்.

"அப்ப நீ எதுக்கு இருக்க? நிமுத்து!"

ஓவர்சியர் ஒரு மாதம் அந்த வழியில் வரவே இல்லை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி பாக்கியமக்கா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மேமலையில் கொழுந்து எடுப்பார். கூடை நிரம்பும், தலையில் கயிறு அழுத்தும், வாய் திறக்காது. அந்த அம்மாளுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. கடலைப் பார்க்க வேண்டும்.

பனி விலகிய காலைகளில் மேமலையிலிருந்து கிழக்கே தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு தெரியும். அது கடல் என்பது பாக்கியமக்காவின் கட்சி. "அது மொனராகலைப் புழுதி" என்பது சுடுதண்ணியின் கட்சி. கல்யாணமான நாளிலிருந்து நடந்துவந்த வழக்கு இது. சாதாரணக் கடற்கரையெல்லாம் அக்காவுக்குப் போதாது. ஒரு தீவாக இருக்க வேண்டும்.

"நாலு பக்கமும் மலையப் பாத்துப் பாத்துக் கண்ணு அலுத்துப் போச்சுங்க. எந்தப் பக்கம் திரும்புனாலும் தண்ணியா இருக்கணும். ஒரு தடவ நடுவுல நின்னு பாத்துட்டா போதும்."

இதில் என்ன தவறு? ஒவ்வொரு மே மாதமும் லொறியைப் பழுது பார்க்கப் பண்டாரவளைக்கு அனுப்புவார்கள். டிரைவருக்கு ஒரு வாரம் லீவு. அது வசந்தம் முடியும் நேரம். கொழும்புப் பணக்காரர்கள் புழுக்கம் தாங்காமல் மலைக்கு ஏறி வந்து, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் பனியை ரசிப்பார்கள். எங்கள் அக்கா எதிர்த் திசையில் இறங்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

ஆகவே ஒவ்வொரு மே மாதமும் ஆபீஸ் வராந்தாவில் எந்தத் தீவு என்று மாநாடு கூடும். தலைமை, எங்கள் பெரிய கிளாக்கர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிலும் நெடுந்தீவுக்காரர். நான் பார்வையாளர். சுடுதண்ணி எதிர்க்கட்சி.

"இராமேஸ்வரம் போகலாமேண்ணே. அதுவும் தீவுதான். சாமியும் கும்பிடலாம்" என்றேன் ஒரு வருடம்.

"போறதுக்கு டிக்கெட் குடுப்பான். வர்றதுக்கு ஒங்க தாத்தா குடுப்பாரா?"

"அப்ப மன்னார்? அங்க கழுதைங்க நிறைய இருக்குமாம்."

"கழுதை பாக்க அம்புட்டுத் தூரம் போகணுமா? தெனமும் காலையில பெரட்டுக் களத்துல நிக்குதே!"

பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர் பெரிய கங்காணி. நல்லவேளை, அப்போது அவர் அங்கே இல்லை. திருகோணமலைப் பக்கம் புறாத்தீவு என்று ஒன்று உண்டு என்றேன். புறாக்களின் மூதாதையர் எல்லோரையும் திட்டினார். கடைசியில் பெரிய கிளாக்கர் தொண்டையைச் செருமுவார்.

"டிரைவர், எங்கட நெடுந்தீவுக்கு வந்து பாரும். கல்வேலி, அடி பெருத்த பெருக்கு மரம், தன்பாட்டுக்குத் திரியிற குதிரையள். சோளகக் காத்து எழும்ப முந்திப் போயிட்டு வந்திடலாம்."

"குதிரைக்கு அங்க என்னய்யா வேலை? கட்டிப் போட ஆளில்லையா?"

மாநாடு கலைந்துவிடும். லீவு வாரம் முழுவதும் சுடுதண்ணி வீட்டு வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைத் திட்டிக்கொண்டிருப்பார். பாக்கியமக்கா வழக்கம்போலக் காலையில் மேமலைக்கு ஏறி அந்த வெள்ளிக் கோட்டைப் பார்ப்பார். எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு வருடம் கேட்டேவிட்டேன். "ஏண்ணே, வாய் கிழியப் பேசுறீங்களே, அக்காவ ஒரு தீவுக்குக் கூட்டிட்டுப் போக முடியாதா ஒங்களால?"

அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கிளாக்கரய்யா, இந்தத் தீவுலயே என்னைய இருக்க விடமாட்டேங்கிறானுங்க. இன்னொரு தீவுக்கு எங்கிட்டுப் போறது?"

இலங்கை சுதந்திரம் வாங்கிய கையோடு, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வம்சமான எங்கள் ஜனத்தின் பிரஜாவுரிமையைப் பிடுங்கினார்கள். வேண்டுமானால் மனுப் போடு, பார்க்கலாம் என்றார்கள். சுடுதண்ணி போட்டார். விசாரணையில், "நீ இந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருப்பாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்களாம். "ஓடிப் போகணும்னாலும் என் லொறி மலை ஏறாதுங்க" என்றாராம் இவர். மனு தள்ளுபடி. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணின் தேயிலையைச் சுமந்த ஒருவனிடம் கேட்கிற கேள்வியா அது? வடக்குக் கடலோரத்தில் எங்கள் ஆள் ஒருவன் காகிதம் இல்லாமல் நின்றால், இந்தியாவிலிருந்து களவாக வந்த கள்ளத்தோணி என்று பிடித்துக்கொண்டு போன காலம் அது. போனால் திரும்ப விடுவார்களா என்பதுதான் அவருடைய பயம். பயப்படுகிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் குதிரையைத் திட்டினார், புறாவைத் திட்டினார்.

விஷயம் புரிந்ததும் பெரிய கிளாக்கர் ரோஷப்பட்டுவிட்டார். "அடுத்த மாசம் என்ர மனிசி ஊருக்குப் போறா. ரெண்டு பேரும் அவவோட போங்கோ. என்ர வீட்டு ஆக்களைக் கேக்க எவன் வாறான் எண்டு பாப்பம். லீவுக்கு நான் பொறுப்பு."

சுடுதண்ணி ஒரு வாரம் யோசித்து, நெடுந்தீவை ஒரு முறை முழுமையாகத் திட்டி முடித்து, சம்மதித்தார். பாக்கியமக்கா அன்று சிரித்ததை நான் பார்த்தேன். பக்கத்து லயத்தில், அதாவது அடுத்த வரிசை வீடுகளில், ஒரு தகரப் பெட்டி இரவல் வாங்கினார். வினை அந்தப் பெட்டியில்தான் வந்தது.

எங்கள் தோட்டங்களில் தகரப் பெட்டியோடு ரயில் கோச்சி ஏறுவதற்கு ஒரே அர்த்தம்தான். இந்தியாவுக்கு, ஒரேயடியாக. லீவில் போய்விட்டு வருவது தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைமார் வழக்கம். எங்கள் ஆட்கள் பெட்டி தூக்கினால் திரும்பி வந்ததில்லை. அதனால் பெட்டியைப் பார்த்ததும் லயம் அழ ஆரம்பித்துவிடும். வழியனுப்ப ஸ்டேஷன் வரைக்கும் வரும். ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களுக்குத் தேயிலைத்தூள் பொட்டலம் கொடுத்தனுப்பும்.

அன்று காலை பதுளை ஸ்டேஷனில் எங்கள் லயம் முழுவதும் நின்றது. சுடுதண்ணியின் கழுத்தில் மூன்று மாலை. இரண்டு பேர் தப்பு அடித்தார்கள். பெண்கள் பாக்கியமக்காவைக் கட்டிப்பிடித்துக் கதறினார்கள்.

"டிரைவரண்ணே, துறையூர்ல எங்க மாமா இருக்காரு. இத அவருகிட்டக் குடுத்துருங்க."

"டேய், நான் நெடுந்தீவுக்குப் போறேன்டா! ஒரு வாரத்துல வந்துருவேன்!"

"ஆமாங்கண்ணே" என்று அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எங்கப்பாவும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனாரு."

சுடுதண்ணி மாலைகளைப் பிய்த்து எறிந்தார். தப்புக்காரர்களைத் துரத்தினார். "நான் சாகலடா! லீவுல போறேன்! லீவு! லீவு!" என்று பிளாட்பாரம் அதிரக் கத்தினார். கத்தக் கத்த அழுகை கூடியது. போகிற துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று கிழவிகள் பேசிக்கொண்டார்கள்.

அப்போதுதான் பெரிய கங்காணி வந்து கையை நீட்டினார்.

"லொறிச் சாவி, வீட்டுச் சாவி ரெண்டையும் குடுத்துட்டுப் போப்பா. புது டிரைவர் சாயந்திரம் வந்துருவான். ஒன் பேர வெட்டியாச்சு."

பெரிய கிளாக்கர் துள்ளினார். "லீவெண்டு துரையிட்ட நான்தானே சொன்னனான்!"

"லயத்து ஆளுக்கு என்னங்கய்யா லீவு? பெட்டிய நானே கண்ணால பாத்தேன். அவன் ஊரோட போறான்னு தொரைகிட்டச் சொல்லிட்டேன். தொரையும் சரின்னுட்டாரு."

சரியென்றுவிட்டார்! ஒரு மனிதனின் வேலையும் வீடும் போவதற்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. கங்காணியின் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. சுடுதண்ணி ஒரு கால் கோச்சியிலும் ஒரு கால் பிளாட்பாரத்திலுமாக நின்றார். ஏறினால் திரும்பி வர வீடில்லை. இறங்கினால் பாக்கியமக்காவுக்குக் கடல் இல்லை. கோச்சி ஊதியது.

உள்ளே உட்கார்ந்திருந்த பாக்கியமக்கா பேசினார்.

"ஏங்க, நீங்க எறங்குங்க."

"நீயி?"

"நான் கிளாக்கரம்மாவோட போயிட்டு வந்துர்றேன். நீங்க வீட்டுல இருங்க. நான் வர்றப்ப கதவு தெறந்திருக்கணும்."

லயத்துப் பெண்களின் அழுகை சட்டென்று நின்றது. கோச்சி நகர்ந்தது. சுடுதண்ணி பிளாட்பாரத்தின் நுனி வரைக்கும் ஓடினார். "சன்னல்ல கைய நீட்டாத! வள்ளத்துல நடுவுல குந்து! தண்ணி கிட்டப் போயிராத!"

கடல் பார்க்கப் போகிறவளுக்குச் சொல்கிற புத்திமதி அது.

பிறகு நேராகத் தோட்டத்துக்கு வந்து, தன் தொங்கல் காம்பராவின் வாசற்படியில் உட்கார்ந்தார். லயத்தின் கடைசி வீட்டை அப்படித்தான் சொல்வோம். மடியில் லொறியை முடுக்கும் இரும்புக் கம்பி. சாயந்திரம் புது டிரைவர் படுக்கைச் சுருளோடு வந்து, அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டு, முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டான். ஸ்டேஷனில் அழுத ஆட்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி ரொட்டி கொண்டுவந்தாள். துறையூர்க்காரன் தன் பொட்டலத்தைப் பிரித்துத் தேத்தண்ணி ஊற்றினான். எல்லோரையும் சுடுதண்ணி வஞ்சகமில்லாமல் திட்டினார். ஒருவரும் எழுந்து போகவில்லை.

மறுநாள் துரை மோட்டார் சைக்கிளில் வந்தார்.

"டிரைவர், நீ ஊருக்குப் போறது இல்லையா?"

சுடுதண்ணி எழுந்து நின்றார், ஆனால் வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

"நான் பொறந்தது இந்தக் காம்பராவுலங்க. எனக்கு ஊரு இதுதான். தொரை ஆறு மாசம் லீவுல சீமைக்குப் போறீங்க. அதுவும் தீவுதானாமே, பெரிய கிளாக்கரய்யா சொன்னாரு. நீங்க வர்றப்ப பங்களா அங்கேயே இருக்குல்ல? தொரை இனி வரமாட்டாருன்னு யாராச்சும் சாவி கேட்டாங்களா? எம் பொண்டாட்டி ஒரு வாரம் கடல் பாக்கப் போயிருக்கா. அவ வர்றப்ப இந்தக் கதவு தெறந்திருக்கும். இல்லாட்டி இந்தக் கம்பி இருக்கு."

துரையின் முகம் சிவந்தது. முற்றத்தில் இருந்த ஆட்களைப் பார்த்தார். ஒருவரும் தலையைக் குனியவில்லை. அதை அவர் அதுவரை பார்த்திருக்கமாட்டார். மோட்டார் சைக்கிளை இரண்டு முறை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். மத்தியானம் ஆபீஸில் வெட்டிய பெயரை நானே திரும்ப எழுதினேன். புது டிரைவரை லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். நல்ல மனிதன், சுடுதண்ணி கையால் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனான்.

பாக்கியமக்கா திரும்பி வந்த அன்று கதவு திறந்திருந்தது. வெயிலில் கறுத்துப்போயிருந்தார். பெட்டியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து நீட்டினார். கடல் தண்ணீர்.

சுடுதண்ணி விரலை விட்டு நக்கிப் பார்த்தார். முகம் கோணியது. "த்தூ! இதுக்கா இம்புட்டு வருசமா உசிர வாங்குன? ரேடியேட்டருக்குக்கூட ஊத்த முடியாது!"

போத்தலின் மூடியை இறுக்கிவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சுத்தியும் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. எந்தப் பக்கம் திரும்புனாலும்."

"ம்" என்றார். அந்தப் போத்தல் அவர் லொறி ஓட்டிய காலம் முழுவதும் லொறியில் கண்ணாடிக்குக் கீழே நின்றது. அவர் மட்டும் கடைசி வரைக்கும் கடலைப் பார்க்கவில்லை.

இப்போது நான் கடற்கரைப் பட்டணம் ஒன்றில் குடியிருக்கிறேன். சாயங்காலங்களில் கடலோரம் போய் நிற்கும்போது, இதை நன்றாக நாலு வார்த்தை திட்டுவதற்கு ஆளில்லையே என்று மனசு அடித்துக்கொள்ளும். அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, அவருக்காக நானே திட்டிவிட்டு வருகிறேன்.