பொறி பத்தாத வண்டி

"பொறி பத்தல" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னான் கதிரேசன்.

பீளமேட்டில் மூடிக் கிடக்கும் ஒரு மில் மைதானத்தில், தன் நாலு சக்கர ரேஸ் பைக்கை அவன் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தான். பாதி வேகம் வரைக்கும் வண்டி தங்கமாகப் போகும். அதற்குமேல் ஆக்சிலேட்டரை அமுக்கினால் இருமும், குலுங்கும், நின்றே போகும்.

பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு மனைவி பொற்கொடி நடந்து வந்தாள்.

"ஏனுங்க, ஆயுத பூஜை வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு?"

"அது வேற, இது வேற அம்மணி. இக்னிஷனை மாத்தோணும்."

ஆயுத பூஜைக்கு அந்த வண்டிக்கு நடந்த உபசாரம் கொஞ்சநஞ்சமல்ல. கதிரேசனுக்குச் சொந்தமாக பம்ப்செட் பட்டறை. லேத்துக்கு அடித்த வெள்ளிப் பெயிண்ட் மிச்சமிருந்ததால் வண்டியைப் பிரித்துப் போட்டு, சட்டம், போல்ட், பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயில் என்று ஒன்றையும் விடாமல் அடித்துத் தள்ளிவிட்டான். அதன்மேல் சந்தனம், குங்குமம். தெருவில் போனவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை சென்னிமலை ரேஸ்ல ஜெயிச்சா வண்டி ஊட்டுல இருக்கட்டுமுங்க" என்றாள் பொற்கொடி. "இல்லாட்டி திங்கக்கிழமை வித்துப்போடோணும். அந்த எடத்துல என்ற தையல் மிஷினு ரெண்டு வரும்."

"ஜெயிக்கறேன், பாரு!"

சொன்னால் சொன்னதுதான். கதிரேசன் பிடிவாதத்தில் அவன் அப்பாவையே மிஞ்சியவன்.

கதிரேசன் வண்டியோடு போய் நின்றது சாமுவேலின் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில். மரியாதைக்காரர். வாடிக்கையாளரிடம் 'வேண்டாம்' என்ற வார்த்தையைச் சொன்னதே கிடையாது.

"தம்பி, சைலன்சரைத் தவிர எல்லாமே கம்பெனியில வந்தபடிதானுங்களே இருக்குது? இந்த வண்டிக்கு இருக்கற பிளக்கே தாராளமுங்க."

"அண்ணா, வெலை ஜாஸ்தின்னாலும் செரி, இரிடியம் பிளக் குடுங்க."

"குடுக்கறனுங்க" என்று கொடுத்துவிட்டார். அப்புறம் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்து, "பெயிண்ட் பளபளன்னு இருக்குதுங்க. கொஞ்சம் கம்மியா அடிச்சிருந்தாலுமே நல்லாத்தான் இருந்திருக்குமுங்க" என்றார்.

கதிரேசன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

"பழைய பிளக்கை என்னங்க பண்றது?"

"யாராச்சும் கேட்டா சும்மா குடுத்துப்போடுங்க. எனக்கு அந்தச் சனியன் வேண்டாம்."

இரிடியம் பிளக் மாட்டியதும் வண்டி இருமவில்லை. வெடித்தது. மில் வாட்ச்மேன் பட்டாசு என்று நினைத்து விசிலடித்துக்கொண்டே ஓடி வந்தார்.

"பிளக் நல்ல பிளக்தான். காயிலுதான் சோதா" என்று புதன்கிழமை பவர் காயில் வாங்கிவந்தான் கதிரேசன். புதுக் காயில் கருகருவென்று இருந்தது. வெள்ளிச் சட்டத்தில் அது திருஷ்டிப் பொட்டு மாதிரி தெரிந்தது அவனுக்குப் பொறுக்கவில்லை. அதற்கும் ரெண்டு கோட்டிங் அடித்துக் காயவைத்து மாட்டினான். பழைய காயிலும் சாமுவேல் கடைக்கே போய்ச் சேர்ந்தது.

இப்போது வண்டி பாதி வேகம்கூடப் போகவில்லை. கால் வேகத்திலேயே நின்றது.

அந்த நேரம் பார்த்து சென்னிமலைப் பக்கமிருந்து ஒரு விவசாயி பட்டறைக்கு வந்தார். தோட்டத்து மோட்டார் ஓடவில்லையாம், புது ஸ்டார்ட்டர் வாங்கலாமா என்று யோசனை கேட்டார்.

கதிரேசன் நிமிர்ந்தே பார்க்காமல், எல்லோரிடமும் சொல்வதையே சொன்னான்: "மொதல்ல கனெக்சன்ல ஒட்டியிருக்கறதைச் சொரண்டுங்க, அது கரண்டை விடாது. அப்புறம் சாமான் வாங்குங்க."

விவசாயி சந்தோஷமாகப் போய்விட்டார். கதிரேசன் சிடிஐ பாக்ஸ் வாங்க சாமுவேல் கடைக்குப் போனான்.

அந்தப் பெட்டிதான் எப்போது பொறி விடவேண்டும் என்று இஞ்சினுக்குச் சொல்வது. பழைய பெட்டியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தான். புதுப்பெட்டி என்ன சொன்னதோ, சனிக்கிழமை முழுக்க வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை. தள்ளித் தள்ளிப் பொற்கொடிக்கு மூச்சு வாங்கியது.

"ஏனுங்க, பழசையே மாட்டிப் பாத்தா என்னுங்க?"

"முன்வெச்ச காலைப் பின்வைக்க மாட்டேன் அம்மணி!"

"காலை எங்க வேணா வைய்யுங்க. தள்ளறது நானுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரு தரிசுக் காட்டில் ரேஸ். பன்னிரண்டு வண்டிகள். கதிரேசனின் வண்டி வெயிலில் கண்ணைப் பறித்தது. பக்கத்தில் அதே மாடல் வண்டி ஒன்று, துருப்பிடித்து, சீட்டு கிழிந்து, அழுக்காக நின்றது. அதன்மேல் லோகப்பிரியா என்று ஒரு உள்ளூர்ப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும்.

"இது ஓடுமா கண்ணு?" என்று கதிரேசன் பரிதாபத்தோடு கேட்டான்.

"ஒரு வருசமா செத்துக் கெடந்துச்சுங்ணா. இந்த வாரந்தானுங்க உயிர் வந்துச்சு."

கொடி இறங்கியது. பதினொரு வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தன. கதிரேசனை நாலு பேர் தள்ளினார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகி, முதல் மேட்டில் பாதி ஏறி, ஒரே ஒரு வெடி வெடித்துவிட்டு நின்றது. அவன் விடவில்லை. இறங்கி, ஹெல்மெட்டோடு, தனியாளாக மேடு முழுக்கத் தள்ளி ஏற்றினான். உச்சிக்கு வந்தபோது மைக்கில் ஜெயித்தவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லோகப்பிரியா.

அவளே திரும்பி வந்து, கயிறு கட்டி அவன் வண்டியை இழுத்துக்கொண்டு கீழே வந்தாள். கதிரேசனுக்கு அழுகையே வந்துவிட்டது. கீழே பொற்கொடி, விற்பனை விளம்பரத்துக்காக வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுக்க ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் பொறு அம்மணி! அடுத்த ரேஸ்ல பாரு!" என்று கெஞ்சிவிட்டு, அவன் லோகப்பிரியாவின் பக்கம் திரும்பினான். "கண்ணு, உன்ற வண்டியில என்ன இக்னிஷன் போட்டிருக்கற? எந்த நாட்டுல கெடைச்சாலும் செரி, நானும் வாங்கிப்போடறேன்."

லோகப்பிரியா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, பணிவாகத்தான் சொன்னாள்:

"பிளக்கு, காயிலு, சிடிஐ எல்லாமே நீங்க சாமுவேலண்ணன் கடையில உட்டுட்டுப் போனதுதானுங்ணா, எங்கப்பா புதன்கிழமை மோட்டாருக்கு யோசனை கேட்டப்ப நீங்க சொன்னீங்கல்லங்க, அதே மாதிரி காயிலு அடியில இருந்த வெள்ளிப் பெயிண்டை மட்டும் சொரண்டிப்போட்டு மாட்டினனுங்க."