பதினேழாவது காலடி

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்காரர், அவரைக் கதவுக்காரர் என்பார்கள். அவர் மனைவி வீல் அக்கா. வீட்டுத் தரகர். வீடு வாங்க வந்த பல் டாக்டரம்மா. டாக்டரம்மாவின் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். டாக்டரம்மாவின் காது மந்தமான மாமியார். பூனையும் ஒன்று இருந்தது. ஆனால் பூனையை ஆள் கணக்கில் சேர்ப்பது முறையில்லை. ஆக ஆறு. இந்த எண்ணை நினைவில் வைத்திருப்பது நல்லது. நாலு மணிக்குள் இது குறையப் போகிறது.

கதவுக்காரர் என்றால் கதவு செய்கிறவர் இல்லை. பேய்ப் படங்களுக்குச் சத்தம் செய்கிறவர். முப்பத்தொரு வருஷத் தொழில். எலும்பு முறிய வேண்டுமா, வெண்டைக்காயை ஒடிப்பார். பிணம் தரையில் இழுபட வேண்டுமா, ஈரச் சாக்கு. ஆனால் கதவுக்கு மட்டும் மாற்று கிடையாது. அவர் வீட்டு மாடிப் பின்னறைக் கதவைத் திறந்தால் ஒரு முனகல் வரும். யாரோ தூக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கும். அந்தக் கதவு நாற்பத்தொரு படத்தில் நடித்திருக்கிறது. அதன் கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் காட்ட யாரையும் அவர் விட்டதில்லை.

மனைவி அதே படங்களுக்கு அலறிக் கொடுப்பவர். திரையில் எந்த நடிகை வாயைத் திறந்தாலும் வெளியே வருவது இவருடைய 'வீல்'தான். அதனால் வீல் அக்கா. ஒருமுறை யாரோ போனில் கூப்பிட்டு, வீல் அக்காவா, காருக்குப் பின்சக்கரம் ரெண்டு வேணும் என்றாராம். அக்கா ஒரு அலறல் கொடுத்தார். அதன்பின் அந்த ஆள் நடந்தே போயிருப்பார்.

அக்காவிடம் பதினாலு அலறல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு வைத்திருக்கிறார். மூன்றாம் நம்பர் கத்திப் படத்துக்கு. கத்தியோடு ஒருவன் துரத்தும்போது நின்று நீட்டி அலற நேரமில்லை. வெடுக்கென்று அலறிவிட்டு ஓட வேண்டும். பதினோராம் நம்பர் பேய் வீட்டுப் படத்துக்கு. மூலையில் ஏதோ அசையாமல் நிற்கிறது. அடிக்குரலில் தொடங்கி, மெதுவாக ஏறி, மூச்சு தீர்ந்த பிறகும் கொஞ்சம் மிச்சம் கேட்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் அக்காவுக்குப் பொறுக்காது.

இப்போது அக்காவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. தினம் ஆறு தடவை மாடி ஏறி இறங்க முடியவில்லை. மாடிப்படி இல்லாத சின்ன வீடாகப் பார்த்துப் போகலாம் என்று இரண்டு வருஷமாகக் கேட்டு, மூன்றாம் வருஷம் கேட்பதை நிறுத்திவிட்டுத் தரகரைக் கூட்டி வந்தார். கதவுக்காரர், உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டார். வேறு எதுவும் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. அவரும் கையெழுத்துப் போட வேண்டும். மனைவி நீட்டும் தாளில் போட மாட்டேன் என்று சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. அந்தத் தாள் அவர் முன்னால் வராமலே போக வேண்டும் என்றால் ஒரே வழிதான். வீடு பார்க்க வருகிறவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும்.

தரகர் வந்துபோன அன்றிரவே சபதம் எடுத்தார். சத்தமில்லாமல்தான் எடுத்தார்.

ஏழு சத்தங்களை வரிசையாக ஒரு டேப்பில் ஏற்றினார். மாடிப் பின்னறையில் ஒரு ஸ்பீக்கர், சமையலறைப் பரணில் ஒன்று, மாடிப்படிக்கு அடியில் ஒன்று. எத்தனை மணிக்கு எது என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏழுதான். ஏழுக்குக் கீழே கோடு போட்டு, 'மொத்தம் 7' என்றும் எழுதியிருந்தார்.

வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். வெளியே மழை வலுத்து, பகலிலேயே ஜன்னல்கள் சாம்பல் நிறமாகிவிட்டன. படத்தில் இதற்கென்று தனியாக ஆள் வைத்துச் செய்வார்கள். இங்கே சும்மா கிடைத்தது. கதவுக்காரர் நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்திவிட்டு வந்தார். பேய் வீட்டுப் படத்தில் முதல் பயம் எப்போதும் பூனைதான். இங்கேயும் பூனை அலமாரியிலிருந்து பாய்ந்தது. பயந்தவர் கதவுக்காரர்.

மூன்று பத்துக்கு முதல் சத்தம். யாருமில்லாத சமையலறையில் தண்ணீர் சொட்டியது. சொட்டு, இடைவெளி, சொட்டு. குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும் என்று தரகர் குறித்துக்கொண்டார்.

மூன்று பதினைந்துக்குக் காற்று ஊளை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன, திரைச்சீலை அசையவில்லை, ஊளை மட்டும் கூடத்தைச் சுற்றி வந்தது. நல்ல காற்றோட்டமான வீடு என்றார் தரகர்.

மூன்று இருபதுக்கு அந்தக் கதவு. மேலே, நீளமாக, பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்த முனகல். கண்ணாடிக்காரர் தலையைத் தூக்கினார்.

"மேல யாராவது இருக்காங்களா?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் கதவுக்காரர் ஒரு வாரம் உழைத்திருந்தார். கொஞ்சம் இடைவெளி விட்டு, தரையைப் பார்த்து, "யாரும் இல்லையே" என்றார்.

"நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று எழுந்தார் கண்ணாடிக்காரர்.

கதவுக்காரருக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது. கத்திப் படத்தில் இந்த வசனத்தைச் சொன்னவன் திரும்பி வந்ததே இல்லை. இருநூறு படத்துக்கு மேல் பார்த்தவர் அவர், ஒருத்தன்கூட வந்ததில்லை. இவர் வந்தார். கையில் ஒரு சின்னக் குப்பியோடு வந்தார். மூக்குக்கண்ணாடிக் கீலுக்குப் போடும் எண்ணெயாம், எப்போதும் சட்டைப் பையில் இருக்குமாம். மாடிப் பின்னறைக் கதவுக்கு நாலு சொட்டு விட்டிருக்கிறேன், இனிமேல் சத்தம் இருக்காது என்றார்.

கதவுக்காரர் உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தொரு படம் நடித்த கதவு நாலு சொட்டில் ஊமையாகிவிட்டது.

நாலாவது சத்தம், பொம்மைப் படத்துக்கு அவர் செய்த சிறுமியின் சிரிப்பு. பரணிலிருந்து வந்தது. டாக்டரம்மா காதைச் சாய்த்து இரண்டு முறை கவனமாகக் கேட்டார். இந்தக் குழந்தைக்கு மேல் முன்பல் இரண்டு இல்லை, சிரிப்பில் காற்று வருகிறது, கூட்டி வாருங்கள் பார்க்கிறேன் என்றார். இந்த வீட்டில் குழந்தையே கிடையாது என்று கதவுக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அப்படியானால் வரும்போது சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா.

ஐந்தாவது, கண்ணாடி விரிசல் விடும் ஓசை. கண்ணாடிக்காரர், அது விரலை ஈரமாக்கித் தேய்க்கிற சத்தம் போல இருக்கிறதே என்றார். உண்மையும் அதுதான். ஆறாவது, படிக்கு அடியிலிருந்து யாரோ மூச்சு விடுவது. மாமியாருக்கு இதில் எதுவுமே கேட்கவில்லை. காது கேட்காதவருக்குக் கண் நன்றாகத் தெரியும். படிக்கு அடியில் என்ன அது கறுப்பாக ஒரு பெட்டி என்று கேட்டார். எலிப்பொறி என்று கதவுக்காரர் உரக்கச் சொன்னார். மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

அக்கா இத்தனை நேரமும் முட்டியைத் தடவிக்கொண்டு, புடவை நூல் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மூன்று முப்பத்தைந்துக்கு ஏழாவது. மாடியில் ஒரு பெண் அலறினாள். அலறிய அந்தக் கணமே கதவுக்காரருக்குப் பிழை தெரிந்துவிட்டது. வெடுக்கென்று முடிந்துவிட்டது. பதினொன்று இல்லை, மூன்று. பேய் வீட்டில் கத்திப் படத்து அலறல். அவசரத்தில் மாற்றி எடுத்திருக்கிறார். மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அக்கா நூல் பிரிப்பதை நிறுத்தி, அவரை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடி நூலைப் பிடித்தார்.

டாக்டரம்மா எழுந்து ஜன்னலைத் திறந்தார். வெளியே மழை. எந்த வீட்டிலும் ஒரு ஜன்னல் திறக்கவில்லை. ஒரு தலை எட்டிப் பார்க்கவில்லை. அவர் நெடுநேரம் அப்படியே நின்றார்.

"இவ்வளவு பெரிய அலறலுக்கு யாருமே வரலையே" என்றார்.

"யாரும் வர மாட்டாங்க" என்றார் கதவுக்காரர், தன்னால் முடிந்த அளவுக்குக் குழிக்குள்ளிருந்து பேசுவது போல.

டாக்டரம்மா, "நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று சமையலறைப் பக்கமாகப் போனார். திரும்பி வரவில்லை. மீதி ஐந்து.

ஐந்து நிமிஷம் கழித்துக் கண்ணாடிக்காரர், அவளைக் காணோமே, நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். மீதி நாலு. தரகரும் அதே வசனத்தைச் சொல்லிவிட்டுப் போனார். மூன்று. மாமியார் எதுவும் சொல்லாமலே போனார். இரண்டு.

முதலில் கதவுக்காரருக்குச் சந்தோஷம். கடைசியில் ஓடிவிட்டார்கள். வாசலுக்குப் போய்ப் பார்த்தார். நாலு ஜோடி செருப்பும் இருந்தன. நாலு குடையும் இருந்தன, நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டு. காரும் நின்றது. உள்ளே ஆள் இல்லை. செருப்பை விட்டு, குடையை விட்டு, காரை விட்டு ஓடுகிறவர்கள் எங்கே ஓடுவார்கள்?

கூடத்துக்குத் திரும்பி வந்தார்.

"எல்லாரும் எங்கம்மா?"

"அதானே" என்றார் அக்கா. மெதுவாக எழுந்தார். "பாலை அடுப்புல வெச்சிருக்கேன். பாத்துட்டு வரேன்."

"நீ அப்படிச் சொல்லாதே" என்றார் கதவுக்காரர். ஏன் என்று அக்கா கேட்டார். அவர் காரணம் தேடுவதற்குள் அக்கா போனார்.

ஐந்து நிமிஷம் பார்த்தார். கூப்பிட்டுப் பார்த்தார். சமையலறைக்குப் போனார். அடுப்பில் பால் இல்லை. அடுப்பே பற்றவைக்கப்படவில்லை. நாற்காலி மேல் பூனை உட்கார்ந்து, அவரைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

மீதி ஒன்று.

கூடத்தில் வந்து நின்றார். மணி மூன்று ஐம்பத்தெட்டு. வீடு முழுக்க அமைதி. அமைதியையும் அவர் படங்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறார், ஆனால் இவ்வளவு சுத்தமாக அவருக்கு அமைந்ததில்லை.

அப்போது மாடியிலிருந்து யாரோ இறங்கத் தொடங்கினார்கள்.

ஒரு காலடி. நிதானமாக அடுத்தது. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுபடுகிற நடை. ஸ்பீக்கர் என்று மனம் சொன்னது. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தார். 'மொத்தம் 7' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. ஏழும் ஆகிவிட்டது. இது எட்டு. மனத்தை நம்புவதா, தாளை நம்புவதா என்று வந்தால் அவர் எந்நாளும் தாளைத்தான் நம்புவார்.

முதல் காலடியிலிருந்தே அவர் காது தானாக எண்ணிக்கொண்டிருந்தது. அந்த மாடியிலிருந்து இறங்கப் பதினாறு காலடி. பதினாறாவது கூடத்துத் தரையில் விழும். தொழிலுக்காக ஆயிரம் தடவை எண்ணியது. எட்டு, ஒன்பது. ஒன்பதில் அது நின்றது. மூச்சு வாங்கியது. பத்து, பதினொன்று. படியில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பதினாலு. பதினைந்து. பதினாறு, தரை. முடிந்தது, இனி ஒன்றும் இல்லை என்று அவர் மூச்சை விட்டார்.

பதினேழு.

அது அவரைப் பார்த்து எடுத்து வைத்த காலடி.

பின்வாசல் வழியாக எப்படி வந்தார், இரண்டு வீட்டுக்கும் நடுவே கூரை போட்ட நடைபாதையை எப்படித் தாண்டினார் என்பது அவருக்கே தெரியாது. பக்கத்து வீட்டுத் தையல்காரரின் முன்னறையில் போய் விழுந்தார். அங்கே டாக்டரம்மா, கண்ணாடிக்காரர், தரகர், மாமியார், அக்கா, ஐந்து பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கதவுக்காரர் எண்ணினார். மறுபடி எண்ணினார். தன்னோடு ஆறு. அப்படியானால் அங்கே யார்?

"நீ எப்ப மாடியிலேர்ந்து இறங்கினே?" என்று அக்காவைக் கேட்டார்.

"இந்த முட்டியை வெச்சுக்கிட்டு நான் எதுக்குங்க மாடி ஏறணும்? பின்வாசல் வழியா நேரா இங்கதான் வந்தேன்."

நடந்ததைத் தரகர் சொன்னார். டாக்டரம்மாவுக்கு வீட்டிலேயே பல் வைத்தியசாலை வைக்க வேண்டுமாம். இதுவரை குடியிருந்த மூன்று இடத்திலும் பல் பிடுங்குகிற அலறலுக்குப் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தார்களாம். இங்கே அக்காவின் அலறலை இருபத்தேழு வருஷம் கேட்டுப் பழகிய தெரு. தையல்காரரிடம் விசாரித்தபோது, அலறல் கேட்காவிட்டால்தான் எனக்கு ஊசியில் நூல் கோர்க்க ஓடாது என்றாராம். வீடு பிடித்துவிட்டது. அந்த அலறலைப் போட்டுக் காட்டியதற்கு டாக்டரம்மா தனியாக நன்றி சொன்னார். ஐயா கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"பேனா எங்கே?" என்றார் கதவுக்காரர்.

ஒருமுறை யோசித்துப் பாருங்கள் என்றார் டாக்டரம்மா, மரியாதைக்கு. யோசித்தாகிவிட்டது என்று மூன்று இடத்திலும் போட்டார். அவசரத்தில் மூன்றும் மூன்று மாதிரி இருந்தன. அக்கா மை காயும்வரை ஊதி, தாளை மடித்துத் தரகரிடம் கொடுத்தார். வந்தவர்கள் வாசலுக்குச் செருப்புத் தேடிப் போனபின், கணவர் பக்கமாக நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

"போன செவ்வாக்கிழமை நீங்க முடிவெட்டப் போயிருந்தீங்கல்ல. டேப்புல ஏழுக்கு அப்புறம் இடம் சும்மாக் கிடந்துச்சு. கேட்டுப் பாத்தேன். பேய் வீட்டுக்கு என் மூணாம் நம்பரைப் போட்டிருந்தீங்க. சரி, ஐயா கத்திப் படம்தான் எடுக்கறார் போலன்னு, ஆளுங்களை ஒவ்வொருத்தரா, நீங்க பாக்காதப்போ பின்வாசலைக் கண்ணால காட்டி அனுப்பிவெச்சேன். எட்டாவதா என் கால்சத்தம். கஷ்டப்பட்டு நானே இறங்கி, நானே பதிவு பண்ணினேன். கேக்க எப்படி இருந்துச்சு?"

கதவுக்காரருக்கு வீடு போய்விட்டது, கதவு ஊமையாகிவிட்டது. ஒரே ஒரு பிடி மட்டும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்.

"நடை நல்லா இருந்துச்சு. ஒன்பதாம் படியில நின்னு மூச்சு வாங்கினது ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா கணக்குல கோட்டை விட்டுட்டே. அந்த மாடிக்குப் பதினாறுதான். நீ பதினேழு வெச்சிருக்கே."

"தெரியுங்க" என்றார் அக்கா. "பதினாறோட விட்டிருந்தா, கணக்கு சரியா வந்துடுச்சுன்னு அங்கயே உக்காந்திருப்பீங்க."

பதினாறு வீட்டுப் படிக்கு. மிச்சம் ஒன்று கதவுக்காரருக்கு.