சரவணையில் விளங்கிப்போன நாடகம்

நவீன நாடக நெறியாளர் என்றொரு பிறவி உண்டு; நீங்கள் கண்டிருப்பீர்கள். யாழ்ப்பாணத்துக் கடைசி பஸ்ஸில் எங்கள் ஊரான சரவணைக்கு வந்து இறங்கும், தோளில் சணல் பை தொங்கும், நாலு நாள் தாடி இருக்கும், 'என்ன மாஸ்டர், சுகமோ?' என்று கேட்டால் உங்கள் தலைக்கு மேலே தெரியும் பனை உச்சியைப் பார்த்துக்கொண்டு, 'சுகம் என்ற சொல்லுக்கு இனி என்ன பொருள்?' என்று திருப்பிக் கேட்கும். பாவம், பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்கவில்லையாக்கும் என்று நினைத்து நீங்கள் போய்விடுவீர்கள்.

எங்கள் பரமலிங்கம் மாஸ்டர் அந்த இனத்தில் அசல். மனிதர் பேசி ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள முடியாது, மொழி செத்துவிட்டது என்பது அவர் கொள்கை. அதை மணிக்கணக்காகப் பேசி விளங்கப்படுத்துவார். "விளங்கினா அது கூத்து. விளங்காட்டித்தான் நாடகம்" என்பார்.

அவருடைய நாடகத்தில் இரண்டே பேர். கதிரைகளில் முதுகைத் திருப்பிக்கொண்டு இருந்து, குடை, சவர்க்காரம், புதன்கிழமை என்று தொடர்பில்லாத சொற்களைச் சொல்ல வேண்டும். அதற்கு அவர் பிடித்த ஆட்களைப் பாருங்கள்! சிவகுருவும் ஏரம்பும். பக்கத்து வளவுக்காரர், சொந்த மச்சான்மார், வேலிச் சண்டையில் எட்டு வருடமாக முகம் பார்க்காதவர்கள். அவன் நடித்தால் நான் விடுவேனா என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

"உங்கட கோபத்தை அப்பிடியே வைச்சிருங்கோ, அதுதான் எனக்கு வேணும்" என்று மாஸ்டர் கெஞ்சினார். கொழும்பிலிருந்து ஒரு பத்திரிகை விமர்சகர் வரப்போகிறார். ஒருவருக்கும் விளங்கவில்லை என்று அவர் எழுதிவிட்டால் மாஸ்டரின் பெயர் நிலைத்துவிடும்.

சனசமூக நிலைய வளவில் திரை விலகியது. "சவர்க்காரம்!" என்றார் சிவகுரு. எப்படிச் சொன்னார்! எட்டு வருடத்து ஆத்திரம் முழுவதும் அதில் வந்தது. ஏரம்பு கதிரையோடு திரும்பினார்.

"குடை! குடை!"

"வேலியை எங்கட பக்கம் அரக்கினது நீதான் எண்டுறார்" என்று பெண்கள் பக்கத்தில் இரஞ்சிதம் அக்கா விளங்கப்படுத்தினார்.

பிறகு ஏரம்பின் குரல் இறங்கியது. "புதன்கிழமை..." ஒரு புதன்கிழமை நடந்த சிவகுருவின் தாயின் செத்தவீட்டுக்குத் தான் போகாமல் விட்டதைத்தான் சொல்கிறார் என்று குஞ்சு குருமானுக்கும் தெரிந்துவிட்டது. சிவகுரு எழுந்துபோய் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

திரைக்குப் பின்னால் மாஸ்டர் துடித்தார். "அழாதேங்கோ! கையை விடுங்கோ! சனத்துக்கு விளங்குது!"

முன்வரிசையில் விமர்சகர் லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மாஸ்டரின் மனைவி மீனலோசனி, "நல்ல நாடகமப்பா, எனக்கே எல்லாம் விளங்கிச்சுது" என்றார். மாஸ்டர் அன்று சாப்பிடவில்லை.

சிரிக்கிறீர்களோ? சிரியுங்கள். போன மாதம் நீங்கள் எழுதிக் காட்டிய புதுக்கவிதையை உங்கள் மாமியார் ஒரே ஒரு தரம் வாசித்துவிட்டு, "நல்லா விளங்குது தம்பி" என்று சொன்னாரே, அப்போது உங்கள் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது?