நாற்றங்காலில் கண்ணை மூடியவன்

எனக்கு எதிலும் கவனம் நிற்காது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன், எழுத்திலாவது ஒப்புக்கொள்கிறேன். பருப்பு வாங்கப் போனால் போனைப் பார்த்தபடியே கடையைத் தாண்டிப் போய்விடுவேன். (திரும்பி வரும்போதும் தாண்டிவிடுவேன்.)

போன சம்பாவுக்கு என் மனைவி செல்வி விதைநெல்லை ஊறவைத்து, மூட்டை கட்டி, முளை வந்ததும் நாற்றங்காலில் தெளித்திருந்தாள். இரண்டு காணி நிலத்துக்கு வேண்டிய விதை. வீட்டில் வேறு விதை கிடையாது. மறுநாள் காலை அவள் மடுகரை ஊரில் ஒரு சாவு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

"மோட்டாரப் போட்டு, சேறு நனைஞ்சதும் நிறுத்திடு. கூட வுட்டா வெதையெல்லாம் அடிச்சிகினு பூடும். போன நோண்டாத."

"நோண்ட மாட்டேன்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

மோட்டாரைப் போட்டுவிட்டுக் கொட்டகை வாசலில் உட்கார்ந்தேன். என் குறையைத் திருத்திக்கொள்ளும் நல்ல எண்ணத்தில், கவனத்தை வளர்ப்பது எப்படி என்று ஒரு வீடியோ போட்டேன். (இதை நோண்டுவது என்று சொல்ல முடியுமா?) கண்ணை மூடுங்கள், மூச்சை மட்டும் கவனியுங்கள், வெளிச்சத்தம் எது கேட்டாலும் பொருட்படுத்தாதீர்கள் என்றது ஒரு பெண் குரல். மூடினேன். சலசலவென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பொருட்படுத்தவில்லை. வரப்பு சரிகிற சத்தம் கேட்டது. அதையும் பொருட்படுத்தவில்லை. பிறந்ததிலிருந்து நான் ஒரே விஷயத்தில் கவனம் வைத்திருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

"இன்னாபா, என் கயனிக்கும் சேத்து வெதச்சிட்டியா?"

கண் திறந்தால் பக்கத்து நிலத்து ராமலிங்கம். நாற்றங்கால் ஏரியாக இருந்தது. உடைந்த வரப்பு வழியாக எங்கள் விதை அவருடைய கரும்புக்குள் போய்க்கொண்டிருந்தது.

மதியம் செல்வி வந்து பார்த்தாள். சாவு வீட்டில் அழுதது போதாதென்று வரப்பிலும் உட்கார்ந்து அழுதாள்.

"தண்ணி போற சத்தம் காதுல வுழலயா?"

"வுழுந்துது. கண்டுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க."

"யாரு?"

போனைக் காட்டினேன். அதைக் காட்டியிருக்கக் கூடாது.

மறுபடி விதை தேடி, முளைகட்டி, நடுவதற்குள் பருவம் தப்பியது. கதிர் பூக்கும்போது மழை பிடித்துக்கொண்டு பாதி பதராகப் போனது.

இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சொந்தக்காரர்கள் என்னைக் கண்டதும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுகிறார்கள். நானும் சிரிக்கிறேன். செல்வி சிரிப்பதில்லை. திட்டுவதும் இல்லை. தண்ணீர் பாய்ச்ச அவளே போகிறாள். போன வாரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, குழாயடிக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"யக்கா, கொஞ்சம் வந்து பால பாத்துக்கயேன்."

நான் அடுப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறந்துகொண்டுதான்.