எட்டு என்கிற பேரில் ஒரு மேசை

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணி என்று எழுதலாமா, இன்னும் அக்காதானா என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். மூன்றாவது தாளில் கை தானாக அண்ணி என்று எழுதிவிட்டது. தாள் வீணாகக் கூடாது என்பதால் அப்படியே விட்டுவிடுகிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுடைய இருமல் மட்டும் எங்களைவிடச் சுகமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்பா, அம்மா, பெரியம்மா, பெரியம்மாவின் முழங்கால் எல்லாம் நலமாக இருக்க வேண்டும். ஒரு போன் செய்தால் முடிந்துவிடும், இந்தப் பெண் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனை எடுத்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததெல்லாம் போனால் வந்ததுதான். அதனால் நன்றியை எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். நன்றி அண்ணி. எதற்கு என்று முழுதாக எழுதினால்தான் என் மனசு ஆறும்.

அண்ணனுக்கு உங்களைக் கொடுப்பதா வேண்டாமா என்பது பெரியம்மா கையில்தான் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். "அந்தக் குடும்பத்தோட உக்காந்து ஒரு வேளை சாப்பிடணும். அதுக்கப்புறம்தான் நான் வாயத் திறப்பேன்" என்று அவங்க சொன்னதை அண்ணன் வந்து சொன்ன நாளிலிருந்து அம்மா சரியாகத் தூங்கவில்லை. நகரத்து நடுவில் நல்ல இடமாகப் பார்த்துச் சாப்பிடலாம் என்று முடிவானது. எந்த இடம் என்பதில்தான் சண்டை. அம்மாவுக்குச் சுத்தம் வேண்டும், அப்பாவுக்குச் சத்தம் கூடாது, அண்ணனுக்கு கௌரவமாக இருக்க வேண்டும், ஆனால் கௌரவம் கண்ணை உறுத்தக் கூடாது. கடைசியில் அண்ணன், "அந்தப் பக்கம் தினமும் போயிட்டு வர்றவ இவதானே, இவளே பாத்துச் சொல்லட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டான். திரைச்சீலை தைக்கிற கடையில் மாடியில் உட்கார்ந்து அடி மடிப்பு போடுகிறவளுக்கு நகரம் எவ்வளவு தெரியும்? ஒரு ஜன்னல் அகலத்துக்குத் தெரியும். வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுபோய்த் துணி உருளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் நான். ஓட்டல் வாசல் எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆனால் எங்கள் கடைத்தெரு மூலையில் இருக்கிற பெரிய ஓட்டலின் திரைச்சீலைகள் எங்கள் கடையில் தைத்தவை. நல்ல கனமான துணி, பின்னால் உள்துணி வைத்தது, மடிப்பு மட்டும் ஒரு சாண் கேட்டு வாங்கினார்கள். யாரும் பார்க்காத பின்பக்கத்துக்கே இவ்வளவு செய்கிறவன் சாப்பாட்டில் ஏமாற்ற மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. வீட்டில், "விசாரிச்சேன், நல்ல இடம்தான்" என்றேன். நான் விசாரித்தது திரையைத்தான். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு போன் செய்து மேசை சொல்லி வைக்க வேண்டுமாம். அம்மா பக்கத்தில் நின்று என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு ஆள், பின்னால் பாத்திரம் உருளும் சத்தம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றேன். "சரிங்க, பேர்?" என்றார். "எட்டு" என்றேன். மறுபடியும், "பேருங்க" என்றார். காது கேட்கவில்லை போல என்று, "எட்டு பேருங்க" என்றேன். "எட்டுதான் பேரா?" "ஆமாங்க, எட்டுதான்." "சரிங்க, எட்டு. வெச்சிடறேன்" என்று போனை வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் நாலு, உங்கள் வீட்டில் நாலு, கணக்கு சரியாக இருந்தது. என் ஆயுசில் முதல் தடவையாக ஒரு வேலையைப் போனிலேயே முடித்துவிட்டேன் என்று அன்றைக்கு இரண்டு கரண்டி சாதம் அதிகமாகச் சாப்பிட்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு எட்டு ராசியில்லாத எண் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மற்றது நீங்கள் பார்த்ததுதான். இருந்தாலும் என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வாசலில் கறுப்புக் கோட்டு போட்ட ஆள் "என்ன பேர்ல சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டபோதுதான், போனில் 'பேர்' என்று எதைக் கேட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. அப்பா அவர் பேரைச் சொன்னார், இல்லை. அண்ணன் அவன் பேரைச் சொன்னான், இல்லை. உங்கள் அப்பா, போனால் போகிறது என்று அவர் பேரையும் சொல்லிப் பார்த்தார். நான் அம்மா தோளுக்குப் பின்னாலிருந்து, "எட்டு" என்றேன். அந்த ஆளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எட்டு சாரா! வாங்க சார், வாங்க சார், உங்களுக்காகத்தான் வெச்சிருக்கோம்" என்று எங்கள் அப்பாவைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துக்கொண்டு போனார். பின்னாலேயே ஏழு பேர் வரிசையாக, கோழிக்குப் பின்னால் குஞ்சுகள் மாதிரி. போய் நின்ற இடத்தில் ஜன்னலோரமாக ஒரு சின்ன மேசை, நடுவில் ஒற்றைப் பூ, இரண்டே இரண்டு நாற்காலி. "எட்டு சார், நீங்களும் மேடமும் உக்காருங்க" என்றார். எங்கள் அப்பா யார் என்ன சொன்னாலும் தட்டாத மனுஷர். உட்கார்ந்துவிட்டார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "எந்திரிங்க, மானத்த வாங்காதீங்க" என்றதும் எழுந்தார். ஓட்டலில் வேறு மேசையும் இல்லை, எல்லாம் நிறைந்துவிட்டது.

அண்ணன் என் பக்கம் திரும்பி, "ரெண்டு பேருக்கா சொன்ன?" என்று கேட்டான். எத்தனை பேர் என்று அந்த ஆள் கேட்கவே இல்லை, எட்டு என்கிற ஒரு சார் வருகிறார், கூட அவர் வீட்டம்மா வருவார் என்று அவராகவே இரண்டு நாற்காலி போட்டுவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாங்க. இந்தக் கல்யாணம் என் நாக்கில் தொங்குகிறது, நாக்கோ ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்போதுதான் நீங்கள், "அவ மேல தப்பில்ல பெரியம்மா. காலையில நான்தான் போன் பண்ணி என்னமோ மாத்திச் சொல்லிட்டேன்" என்றீர்கள். "நீயா?" என்றாங்க. "நான்தான்" என்றீர்கள்.

அண்ணி, நான் மலைத்துப்போய்விட்டேன். ஒரு பொய்யை இவ்வளவு அழகாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியாது. கண் சிமிட்டவில்லை, குரல் நடுங்கவில்லை. முகம் வெட்கத்தில் சிவந்ததுகூட நிஜம் மாதிரியே இருந்தது. யாரோ ஒரு பெண்ணுக்காக, இன்னும் நாத்தனார்கூட ஆகாத ஒருத்திக்காக, சொந்தப் பெரியம்மாவிடம் கெட்ட பேர் வாங்கிக்கொண்டீர்கள். என் தவறை இதுவரை யாரும் வாங்கிச் சுமந்ததில்லை. என் தவறுகளை எங்கள் வீட்டில் எனக்கே திரும்பத் திரும்பக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் தெருவில் நாம் பட்ட பாடு. "நீங்க சொல்லுங்க, எங்க போலாம்?" "இல்லல்ல, உங்க இஷ்டம்." "எங்களுக்கு எதுவானாலும் சரிங்க." "எங்களுக்கும் எதுவானாலும் சரிதாங்க." இரண்டு அப்பாக்களும் சேர்ந்து எதுவானாலும் சரி, எதுவானாலும் சரி என்று எதையும் சரி என்று சொல்லாமல் ஒரு தெரு முழுக்க நடந்தார்கள். ஓர் இடத்தில் விளக்கே இல்லை, தட்டில் என்ன இருக்கிறது என்று தடவிப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும் என்றார் உங்கள் அப்பா. ஓர் இடம் நிலவறையில். பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எறங்கிடுவேன், ஏறறது யாரு?" என்றாங்க. இன்னோர் இடத்தில் வாசல் வரை வரிசை. நமக்குள் மரியாதை கூடக் கூடப் பசியும் கூடிக்கொண்டே போனது. எங்கள் அம்மா சிரித்தபடியே நடந்தார்கள், ஆனால் சிரிப்பு முகத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது.

வங்கிக் கட்டிடத்துப் படியில் பெரியம்மா உட்கார்ந்துவிட்டாங்க. "இதுக்கு மேல மரியாதை என்னால முடியாது, எனக்குப் பசிக்குது" என்று சொல்லிவிட்டு, என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, நீ இங்கதானே வேலை பாக்கற? நீ எங்க சாப்பிடுவ?" என்று கேட்டாங்க. "கடையிலங்க. துணி வெட்டுற மேசை இருக்கு." "அதுல எத்தனை பேர் உக்காரலாம்?" நான் யோசிக்காமல், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "எட்டு பேர்!" என்றேன். உங்கள் அப்பாதான் முதலில் சிரித்தார். "வாங்க எட்டு சார், போலாம்" என்று எங்கள் அப்பாவின் தோளில் கை போட்டார். அதுவரை அவர்கள் இருவரும் வணக்கத்தையும் எதுவானாலும் சரியையும் தாண்டவில்லை.

கடைச்சாவி என்னிடம் இருந்தது நல்லதாகப் போயிற்று. கடைக்காரம்மாவுக்குப் போன் செய்து கேட்டதும் நீங்கள்தான். கீழே இருக்கிற சின்னக் கடைகளில் அவரவருக்குப் பிடித்ததை அவரவரே வாங்கிக்கொண்டு வந்தோம். எதுவானாலும் சரி என்று சொல்ல அங்கே வழியே இல்லை, கடைக்காரன் "என்ன வேணும்?" என்றால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? எங்கள் அம்மாவுக்கு வறுத்த கோழி இவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரியம்மா மாடிப்படியில் ஒரு கை உங்கள் மேல், ஒரு கை என் மேல் வைத்து ஏறிவிட்டு, "பசி வந்தா முழங்கால் வாய மூடிக்கும்" என்றாங்க. நூல் துண்டுகளை ஒதுக்கிவிட்டுப் பழைய காகிதம் விரித்து, துணி உருளைகள் மேல் உட்கார்ந்து, எங்கள் அப்பாவின் சூப்பில் உங்கள் அம்மா ரொட்டியைத் தொட்டுக்கொண்டு, ஒருத்தர் பொட்டலத்தில் ஒருத்தர் கைவிட்டுச் சாப்பிட்டோம்.

கை கழுவிவிட்டு வந்து பெரியம்மா சொன்னது எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. "ஓட்டல்ல உக்காந்திருந்தா எல்லாரும் நல்லவங்களாத்தான் நடிச்சிருப்பீங்க. வெயில்ல, வெறும் வயித்துல, இவ்வளவு தூரம் அலைஞ்சும் இந்த வீட்ல ஒருத்தர்கூட, எட்டுன்னு பேர் குடுத்த இந்தப் பொண்ணத் திட்டல. பசியில திட்டாத வீட்டுக்கு என் பொண்ணத் தாராளமா அனுப்பலாம்." எங்கள் அம்மா அழுதுவிட்டார்கள். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு எனக்கு விழுந்த திட்டைப் பற்றித் தயவுசெய்து பெரியம்மாவிடம் மூச்சுவிட வேண்டாம்.

அண்ணி, நீங்கள் அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அந்த இடத்திலேயே அழுதிருப்பேன், அழுதிருந்தால் அண்ணன் கத்தியிருப்பான், கத்தியிருந்தால் இந்தக் கல்யாணமே இல்லை. அதற்காகத்தான் இந்த நன்றி. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் எதை உடைத்தாலும், எதைத் தீய்த்தாலும், "நான்தான்" என்று சொல்ல நான் இருக்கிறேன்.

பெரியவர்கள் எல்லாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பெரியம்மாவுக்குக் கூடுதலாக ஒன்று.

உங்கள் அன்புள்ள,
(நாத்தனார் என்று எழுதக் கை வரவில்லை) தங்கை

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்க அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறான். நீங்கள் சொன்னது பொய்யே இல்லையாமே! எங்கள் அம்மாவும் பெரியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் நல்லது என்று நீங்கள் காலையில் நிஜமாகவே ஓட்டலுக்குப் போன் செய்து, "எட்டு பேர்னு சொல்லியிருக்கோமே, அதுல ரெண்டு பேருக்கு மட்டும் ஜன்னலோரமா எடம் வேணும்" என்று சொன்னீர்களாம். அந்த ஆளும், "எட்டு, ரெண்டு பேர், ஜன்னலோரம், ஆகட்டுங்க" என்று எழுதிக்கொண்டாராம். அப்படியானால் எட்டு என் தப்பு, ரெண்டு உங்கள் தப்பு. ஒரு வாரம் நான் தனியாக அழுததில் பாதி உங்களுடையது. மேலே எழுதியதில் பொய் என்று வருகிற இடமெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். நன்றியை அடிக்க வேண்டாம். பெரியம்மா முன்னால் பொய்யைக்கூடச் சொல்லிவிடலாம், உண்மையைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! கல்யாணச் சாப்பாட்டுக்குச் சொல்ல வேண்டும், நம் இருவரில் யார் போன் செய்வது என்று அண்ணன் கேட்கிறான். போன் வேண்டாம் அண்ணி. நாம் இரண்டு பேரும் நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுவோம்.